மெட்டுக்கு மேலே ஒரு வரி

மற்ற ஊர்களில் படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தெருக்கோடிக் கொட்டகையில் மட்டும் அவை இன்னும் வாய் திறக்கவில்லை. பேசும் இயந்திரம் வாங்க மனமில்லாத முதலாளி, திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆர்மோனியம், ஒரு தபேலா, ஒரு பிடில், ஒரு பாடகர் என்று உட்காரவைத்து, ஊமைப்படத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 'முற்றிலும் புதிய வர்ணமெட்டுகள்' என்று நோட்டீஸ் அடித்து, மாட்டு வண்டியில் மேளம் கொட்டித் தெருத்தெருவாக வீசச் செய்தார்.

அந்தப் புதிய மெட்டுகளை எழுதிக் கொடுத்தவள் நான். எழுதியது என்றால் தாளில் எழுதியது, அவ்வளவுதான். பிடில்காரர் கோவாவிலிருந்து வந்தவர், தாளைப் பார்த்துத்தான் வாசிப்பார். ஆர்மோனிய வாத்தியாருக்குத் தாள் தெரியாது. நான் பியானோப் பரீட்சைகளை முடித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் வாசிக்க வாசிக்க, ஐந்து கோட்டுத் தாளில் இறக்கிக் கொடுப்பது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்த அப்பா ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்: "உன்ரை பேர் ஒரு இடத்திலயும் வரப்படாது, பிள்ளை."

வாத்தியாரின் சொந்தக் கற்பனைகளை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். காதலுக்கு, கப்பலில் வந்த இந்துஸ்தானி இசைத்தட்டு, சற்று மெதுவாக. போருக்கு, பாடாங் திடலில் பாண்டு வாசிக்கும் அணிவகுப்பு, சற்று வேகமாக. அரக்கன் வருகைக்குச் சீனர் சவ ஊர்வலம். அரக்கன் சாவுக்கும் அதுவேதான், அங்கேயாவது பொருந்தியது. பகவான் காட்சி தரும் இடத்துக்குக் கிறிஸ்துமஸ் கீதம். அந்தத் தாளை முதலில் பார்த்த அன்று பிடில்காரர் வில்லைக் கீழே வைத்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பயபக்தியோடு வாசித்தார். கொட்டகையில் அன்று உண்மையான பக்தி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

இரவல் வாங்குவது குற்றமென்று நான் சொல்லவில்லை. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கு மேலும் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று ஒரு வரி இருக்கும். எடுத்த இடத்தை எடுத்தவனே சொல்லிவிடுவான். வாத்தியார் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, அதற்குக் கற்பனை என்று பெயர் வைத்தார்.

ஆற்றங்கரையில் தாய் பிள்ளையைத் தேடி அழும் ஒரு காட்சிக்கு அவரிடம் சரக்கு தீர்ந்துபோனது. நான் ஒரு மெட்டுப் போட்டுக் கொடுத்தேன். நானே போட்டது. நான்காவது அடியில், அழுகை அடங்க வேண்டிய இடத்தில், மேலே ஏறும். அந்த ஏற்றத்துக்காகத்தான் மெட்டே.

"எந்த ரிகார்டுல இருந்து எடுத்தீங்க, டீச்சர்?"

"எங்கையிருந்தும் எடுக்கேல்லை."

"நம்மகிட்ட சொன்னா என்ன? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பாடகருக்கு அந்த ஏற்றம் எட்டவில்லை. கீழே இறங்கிப் பாடிச் சமாளித்தார். ஆனாலும் கொட்டகை வெற்றிலை மெல்லாமல் கேட்டது. மெட்டு நல்லது என்பதற்கு நான் வேறு சான்று தேடவில்லை.

பிறகு முதலாளி, வாசலில் விற்கப் பாட்டுப் புத்தகம் போட்டார். என்ன மெட்டென்று தெரியாமல் வீட்டில் எப்படிப் பாடுவது என்று ஜனங்கள் கேட்டார்களாம். ஆகவே பழைய வரி திரும்பி வந்தது. 'முற்றிலும் புதிய' என்று மேளம் கொட்டியவர், எது எங்கிருந்து வந்தது என்று எழுதித் தரச் சொன்னார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. ஒன்று விடாமல் எழுதினேன். என் பாட்டுக்கு மேல் 'புதிய மெட்டு' என்று எழுதினேன். பேர் வேண்டாம், அந்த இரண்டு சொல் அச்சில் வந்தால் எனக்குப் போதும்.

முதலாளி அதில் விரலை வைத்தார். "இது என்னம்மா, புதுசு?"

"நான் போட்டது."

"சரிலா. ஆனா புதுசுன்னு போட்டா எவன் வாங்குவான்? கேக்காத பாட்டை எவன் வீட்டுல பாடுவான்?"

"நோட்டீஸில எல்லாம் புதுசெண்டு போட்டிருக்கிறீங்களே?"

"அது நோட்டீஸ்லா. இது காசு குடுத்து வாங்குற புஸ்தகம்."

வாத்தியார் உதவிக்கு வந்தார். "இந்துஸ்தானி மெட்டுன்னு போட்ருங்க, முதலாளி. கௌரவமா இருக்கும்."

"உங்கட மெட்டெண்டு போட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்கும்" என்றேன்.

"ஐயையோ! அடுத்தவங்க மெட்டை என்னோடதும்பேனா? என்னை அப்படியா நெனச்சீங்க?" உண்மையாகவே மனம் புண்பட்டுப் போனார். திருடுவதற்குக்கூட என் மெட்டு அவருக்குப் போதவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

'இந்துஸ்தானி மெட்டு' என்றே அச்சாயிற்று. அந்தப் பாட்டு கிள்ளான்வரை போனது. அங்கே ஒரு கடைக்காரரின் மனைவி, தன் மகளுக்கு அதைப் பெட்டி ஆர்கனில் கற்றுக்கொடுக்கும்படி கேட்டு என்னை வரவழைத்தார். ரயிலேறிப் போனேன். வாசித்துக் காட்டினேன். நான்காவது அடியில் ஏறியதும் அவர் கையை உயர்த்தினார்.

"அங்க தப்பு, டீச்சர். கீழ இறங்கணும். ஒரிஜினல்ல அப்படித்தான் வரும். எங்க வீட்டுக்காரர் பம்பாய் ரிகார்டுலயே கேட்டிருக்காரு."

"ஒரிஜினல் எப்பிடி வரும் எண்டு எனக்குத் தெரியும், அக்கா." மறுபடியும் ஏறியே வாசித்தேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "பரவால்ல, நீ சரியா வாசி."

பெண் சரியாக வாசித்தாள். நான்காவது அடியில், கொட்டகைப் பாடகரைப் போலவே, கீழே இறங்கினாள். தாய்க்குக் கண் கலங்கியது. நான் தாளத்தை மட்டும் திருத்திவிட்டு, அடுத்த ரயிலுக்குக் கிளம்பினேன்.