நூல் கடிக்கும் பல்

என் அக்கா தையல்காரி. நானும்தான். ஆனால் அவள் தைத்ததைப் பிரித்துத் தைக்க வேண்டியே வராது. ஒரே அறை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெஷின். அவள் பக்கத்துக் கத்திரிக்கோல் எப்போதும் சும்மாவே கிடக்கும். தையல் முடிந்ததும் குனிந்து, முன்பல்லால் நூலை நறுக்கென்று கடித்துவிடுவாள். நூல் போய்ப் போய் அந்தப் பல்லின் நுனியில் சின்னப் பள்ளமே விழுந்திருந்தது.

ஐம்பதைத் தொட்டதும் அவள் வாய் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. ரத்தக்கொதிப்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து நாக்கு வறண்டது. அதற்காக எந்நேரமும் கன்னத்தில் ஒரு மிட்டாய். பல் துலக்கினால் ரத்தம். சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று, சட்டைக் காலரைத் தேய்க்கிற மாதிரி இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒருநாள் நூலைக் கடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்பல் ஆடியது.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். "ஈறு எறங்கிடுச்சும்மா. எலும்பும் கரைஞ்சிருக்கு. காப்பாத்திப் பாக்கலாம். ஆனா வயசுல செஞ்ச மாதிரியே இப்பவும் செய்யக் கூடாது" என்று சொல்லி ஈறுக்கடியில் சுத்தம் செய்தாள். மெத்தென்ற பிரஷால் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். மிட்டாய் வேண்டாம், அடிக்கடி தண்ணீர். "முக்கியமா, நூலக் கடிக்கவே கூடாது."

"எப்படியாவது இதக் காப்பாத்திக் குடும்மா" என்றாள் அக்கா. "கண்ணு போச்சு, முட்டி போச்சு, தூக்கமும் போச்சு. இந்தப் பல்லாவது இருக்கட்டும்." யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்காதவள் அவள்.

சொன்னதையெல்லாம் செய்தாள், அலுத்துக்கொண்டேதான். "தடவிக் குடுத்தா பல்லு வெளுக்குமா?" என்று புதுப் பிரஷைத் திட்டுவாள். மெஷின் மேல் தண்ணீர் பாட்டில் ஏறியது. மிட்டாய் டப்பாவில் பொத்தான்களைப் போட்டு வைத்தாள். நூல் விஷயத்தில்தான் ஒன்றும் நடக்கவில்லை. தலை தன்னால் குனியும். "அக்கா!" என்று கத்துவேன்.

"தெரிஞ்சா செய்யறேன்? உயிர வாங்காதடி."

கடைசியில் ஒரு குட்டிக் கத்திரியை நாடாவில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"மாட்டுக்கு மணி கட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்று முறைத்தாள். மணியாவது சத்தம் போடும். இது பேசாமல் தொங்கியது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடைத் துணி மலையாகக் குவிந்தது. எனக்கும் கத்திக் கத்தி வெறுத்துப்போனது.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தாள். "எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க! ரத்தமே இல்ல, மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு." பிறகு முன்பல்லைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது மட்டும் நிக்காதும்மா." அக்கா வாயைத் திறந்தாள்.

பல்லைப் பிடுங்கிய மறுநாள் படுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்டால்தானே! மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையை முடித்தாள். தலை குனிந்தது. நூல், பல் இருந்த சந்துக்குள் புகுந்து, ஈரமாக, அறுபடாமல் வெளியே வந்தது. இன்னொரு முறை கடித்தாள். மறுபடியும் அப்படியே வந்தது. நான் கத்தவில்லை. சிரிப்பு வரும் போலிருந்தது, வந்தது அழுகைதான்.

அக்கா நூலைப் புடவையில் துடைத்தாள். கழுத்தில் தடவி அந்தக் கத்திரியை எடுத்து வெட்டினாள்.

"நல்லாத்தான்டி வெட்டுது" என்றாள்.