ஒற்றைச் சாட்சி

பரீனா ராத்தாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அவ மேல் அல்ல. அவவுக்கு வந்த கோபத்தில் பாதி என்னிலும் ஒட்டிக்கொண்டது. புத்தளம் கரைத்தீவில் அவவின் வீட்டுக்கு நாலாம் வீட்டில் நான் போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். என்னைவிட மூத்தவ, அதனால் ராத்தா.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு, பதினொரு வயதில், மன்னார்ப் பக்கம் சிலாவத்துறையிலிருந்து உம்மா வாப்பாவோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவ. முகாமில் வளர்ந்து, முகாமிலேயே நிக்காஹ் முடித்து, உப்பளத்தில் கூலிக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்த்தவ. புத்தளத்து அரசாங்கக் கந்தோர்களில் எதைக் கேட்டாலும் "உங்கட பதிவு மன்னாரில" என்பார்கள். மன்னாரில் கேட்டால் "நீங்க இருக்கிறது புத்தளத்தில" என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் இந்த உதையை வாங்கியவர்கள்தான். மற்றவர்கள் பழகிப் போனார்கள். ராத்தா மட்டும், "பழகிட்டா நாங்க உசிரோட மௌத்தாப் போனதுக்குச் சமம்" என்பா.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. தகரமும் தென்னங் கிடுகுமாக நின்ற வீடுகளுக்குப் பதிலாகக் கல்வீடு. புத்தளம் மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. பாயிஸ் என்ற உத்தியோகத்தர் டெப்லெட் ஒன்றோடு வீடு வீடாக வந்தார். ராத்தாவின் வீட்டுக்குள் கதிரையில் இருந்து, திரையில் ஒரு தட்டுத் தட்டினார். இடத்தை அது தானாகவே பதிந்துகொள்ளுமாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் வதிவிடம் மன்னார் மாவட்டம், சிலாவத்துறை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது, ஆட்சேபனை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

அந்தக் கடிதத்தை என் கடைக் கண்ணாடிப் பெட்டி மேல் அறைந்தா ராத்தா.

"இந்தா வாசி. என்ட வீட்டுக்குள்ள இருந்து என்ட தேத்தண்ணியக் குடிச்சிட்டு, நான் சிலாவத்துறையில இரிக்கிறன் எண்டு எழுதியிரிக்கான்!"

கந்தோரில் யாரோ எழுதுவினைஞரின் பிழை என்று நான் சொன்னேன். ராத்தா கேட்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் நிறுத்தி, தன் போனில் வரைபடத்தைக் காட்டினா. சிலாவத்துறை என்று காட்டியது. மூலையில் இருந்த வைஃபை பெட்டியை அணைத்துவிட்டு என் கடைக்குக் கூட்டி வந்தா. கரைத்தீவு என்று காட்டியது. இரண்டு நாளாக இதைத்தான் செய்து பார்த்திருக்கிறா.

அந்தப் பெட்டி அவவின் கூடப்பிறந்த நானாவுடையது. நாட்டில் சண்டை முடிந்ததும் நானா சிலாவத்துறைக்குத் திரும்பிப் போய்க் கடை போட்டார். கொரோனாவில் கடையை மூடினார். பிள்ளைகள் போனில் பாடம் படிக்கட்டும் என்று பெட்டியைத் தங்கச்சிக்குக் கொடுத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் எந்த வைஃபை பெட்டியின் சிக்னல் கிடைக்கிறதென்று பார்த்து, அது எங்கே இருக்கிறதென்று ஒரு பட்டியலில் தேடி, அதை வைத்துத்தான் இந்தக் கருவிகள் இடம் சொல்லுகின்றன. நானாவின் பெட்டி ஆறு வருடம் சிலாவத்துறையில் இருந்தது. அது இங்கே வந்தது பட்டியலுக்குத் தெரியாது.

"பெட்டி இடம்பெயர்ந்ததையும் பதியாம விட்டுட்டாங்களா?" என்று கேட்டா ராத்தா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வண்ணாத்திவில்லில் பாயிஸ் ஆட்சேபனைகளை விசாரித்தார். கந்தோர் ஒரு பழைய நெல் களஞ்சியம்; தடித்த சுவர்; உள்ளே வேறு வைஃபை எதுவும் இல்லை. ராத்தா பையிலிருந்து நானாவின் பெட்டியை எடுத்து, மின்விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதைக் கொளுவினா.

"சேர், இப்ப நீங்க எங்க இரிக்கிறீங்க?"

"வண்ணாத்திவில்லில, ராத்தா. ஏன்?"

"உங்கட டெப்லெட்டக் கேளுங்க."

பாயிஸ் தட்டினார். சிலாவத்துறை. வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்துக் கொல்லென்று சிரித்தது.

"அப்ப மன்னார்ல இரிக்கிற ஆளுக்குப் புத்தளத்தில என்ன வேல? உங்களையும் நிராகரிக்கத்தானே வேணும்?"

"சிஸ்டம் அப்படித்தான் ராத்தா, நான் என்ன செய்ய?"

"நிக்காஹ்வுக்கே ரெண்டு சாட்சி வேணும். ஒரேயொரு பெட்டி சொன்னதுக்கு என்ட வீட்டத் தூக்கி மன்னார்ல வெச்சீங்களே, மற்றச் சாட்சி எங்க?"

இதைத்தான் அந்தச் சிஸ்டத்தைச் செய்த படித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பெட்டிகள் ஒத்துச் சொன்னால் எழுது. ஒன்றின் சிக்னல்தான் கிடைத்தால் நம்பாதே, ஆளைக் கேள். உப்பளத்துக் கூலிக்காரிக்கு உறைத்தது அவர்களுக்கு ஏன் உறைக்கவில்லை?

அடுத்த நாள் பாயிஸ் திரும்பவும் வீட்டுக்கு வந்தார். பெட்டியை அணைத்துவிட்டுத் தட்டினார். டெப்லெட் சுற்றிச் சுற்றித் தேடி, "இடம் கிடைக்கவில்லை" என்றது. சற்றலைட்டைப் பார்க்கிற வசதியைப் பற்றரி இறங்குமென்று கொழும்பிலேயே பூட்டிவிட்டார்களாம். பெட்டி இருந்தால் மன்னார். இல்லாவிட்டால் எங்கேயுமே இல்லை. தவணைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"பக்கத்தில யாரட்டயாவது வைஃபை இருந்தா இங்க கொண்டு வந்து வெச்சா காட்டும்" என்றார் அவர். மடையன் நான், என் கடையின் வைஃபை பெட்டியை எடுக்க எழும்பினேன்.

"இருடா அங்க!" என்று கத்தினா ராத்தா. "இவர் என்னக் காணுறார். என்ட அடுப்பக் காணுறார். எனக்குச் சாட்சி சொல்ல இன்னொரு பெட்டி வேணுமா? சேர், கையால எழுதுங்க."

படிவத்தின் கடைசியில் அதற்கு ஒரு இடம் இருக்கத்தான் செய்தது: கருவி வேலை செய்யாவிட்டால் உத்தியோகத்தரின் நேரடிச் சாட்சி. இதுவரை ஒருவரும் அதை நிரப்பியதில்லையாம். நிரப்பினால் கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும்.

"நாளைக்குப் பிழையெண்டு வந்தா என்ட தலையிலதான் விழும், ராத்தா."

"முப்பத்தொரு வருசமா எங்கட தலையில விழுந்தது. ஒரு தடவ உங்கட தலையிலயும் விழட்டும். எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து, குனிந்து எழுதிக் கையெழுத்து வைத்தார். ராத்தா படிவத்தைப் பறித்து என்னிடம் நீட்டினா. "சத்தமா வாசி" என்றா.

"விண்ணப்பதாரி கரைத்தீவில் தன் வீட்டில் வசிப்பதை நேரில் கண்டேன்."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். இத்தனை நாளும் சீறிக்கொண்டிருந்த மனிசி வெறும் நிலத்தில் அப்படியே குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. பாயிஸ் பயந்து போய் எழும்பி நின்றார்.

"இந்த ஒரு வரிய எழுத உங்களுக்கு முப்பத்தொரு வருசமா?" என்றா.