பெட்ரோலில் கலந்த தண்ணீர்

யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அப்பா மூன்று மாதம் காரை எடுக்காமல், மாதம் ஒரு தகர டின்னாக வாங்கிக் கரமனை வீட்டின் உள்ளறையில் சேர்த்து வைத்தார். எல்லாம் ஒரே ஒரு நாளுக்காக.

வித்துராவில் தேயிலைத் தோட்டத்துக் குமாஸ்தாவாக இருந்த அத்திம்பேருக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல். பகல் பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்து லாரி அக்காவையும் அவரையும் ஏற்றிக்கொண்டு தென்மலை வழியாகச் செங்கோட்டை ரயிலுக்குப் போய்விடும். அதற்குள் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். அம்மா அக்காவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

விடிந்ததும் டின்களை டாங்கியில் ஊற்றிக் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

"கிழட்டு வண்டி. மூச்சு வாங்கறது" என்றார் அப்பா.

நான் அப்போது கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். காருடன் வந்த கைப்புத்தகத்தை அதைவிடக் கவனமாகப் படித்திருந்தேன். காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன்: பிளக், ஒயர், காந்தம், காற்று வரும் வழி. நான்கு பிளக்கையும் கழற்றிக் கரி துடைத்தேன். ஒயர்களைத் தடவிப் பார்த்தேன். மறுபடி ஓடியது, மறுபடி இருமியது.

"என்னடீ, பரீட்சையா எழுதறே? மணி ஒம்பதாறது!" பின் சீட்டிலிருந்து அம்மா.

"செத்த இரும்மா. ஒவ்வொண்ணா விலக்கணும்."

"அவ லாரி ஒவ்வொண்ணா விலக்காது, கேட்டியா."

பெட்ரோலை நான் எழுதவேயில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பொருளைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. கடைசியில்தான் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தேன். அடியில் கண்ணாடி மணிகள் போலத் துளிகள் உருண்டன. ஒரு தம்ளரில் ஊற்றி வைத்தேன். பெட்ரோல் மேலே நின்றது, தண்ணீர் கீழே.

"தண்ணியா? எப்படி வந்தது?" என்றார் அப்பா.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் எதையும் அம்மா தண்ணீர் விட்டு அலம்பாமல் உள்ளே எடுக்கமாட்டாள். யார் யாரோ தொட்ட டின்னுக்கு மூன்று மாதமும் குடம் குடமாக அபிஷேகம். மூடியோ தளர்ந்த மூடி. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் பங்க்லயே கலந்திருப்பான்" என்றேன்.

டாங்கியின் அடித்திருகைக் கழற்றி வடித்து, தெளியவிட்டு, மேலாக இறுத்துத் துணியில் வடிகட்டி ஊற்றிக் கிளம்பும்போதே மணி பதினொன்று. பிறகு வண்டி அழகாக ஓடியது. நெடுமங்காடு ஏற்றத்தில்கூடத் திணறவில்லை. அந்த ஓட்டத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

வித்துராவில் அக்காவின் குவார்ட்டர்ஸ் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்தாள். "ஐயோ, இப்பத்தான் போனா! பாவம், உங்க பொண்ணு லாரிக்காரன்கிட்டக் கெஞ்சிக் கெஞ்சி அரை மணி நிறுத்தி வெச்சா, கேட்டேளா."

அப்பா சாலையைப் பார்த்தபடி நின்றார். லாரியைத் துரத்தினால் திரும்பிவரப் பெட்ரோல் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மா காலி வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். சமையலறையில் குந்தி உட்கார்ந்து அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் சுடறதுடீ" என்றாள். கையை எடுக்கவில்லை.