பேத்தைக் கண்ணாடி

கனிசியஸின் கமராவுக்குள் ஒரேயொரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம் இருந்தது. அந்த ஒன்றை அவர் இரண்டு மாதமாகத் தொடாமல் வைத்திருந்தார். கமராவைத் தோல் பைக்குள் போட்டு, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கை எட்டாத உயரத்தில் வைத்திருந்தார். செபமாலை சொல்ல முழந்தாளில் இருக்கும்போது மாதாவோடு சேர்த்து அதையும் ஒருதரம் பார்த்துக்கொள்வார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. குருநகரில் சண்டையால் மின்சாரம் நின்று, தரைப்பாதையும் அடைபட்டு மூன்று வருடமாகிவிட்டது. கொழும்புக்குப் போகிறவர் யாராவது கிளாலிக் கடலால் வள்ளத்தில் திரும்பி வரும்போது கொண்டுவந்தால்தான் பிலிம்.

அந்த ஒரு படம் சிசிலியாவுக்கு என்று வைத்தது. சிசிலியா அவருடைய மனைவி. எண்பத்தொன்பதில் மகள் பெர்னடெட்டையும் கூட்டிக்கொண்டு பிரான்சில் இருக்கும் தமையனிடம் போனவள். படுக்கையில் கிடந்த தாயை விட்டுப் போக மனமில்லாமல் கனிசியஸ் நின்றுவிட்டார். "அம்மாவின்ரை காரியம் முடிய வாறன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். தாயை அடக்கம் செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது போகிற வழி ஒன்றும் இருக்கவில்லை.

முதல் வருடம் சிசிலியா நாலு பக்கம் எழுதினாள். பிறகு இரண்டு. இப்போது ஒரு பக்கம், அதிலும் பாதி குளிரைப் பற்றி. கனிசியஸ் அவளில் குறை சொல்லமாட்டார். விடிய முன்னம் எழும்பி வேலைக்கு ஓடுகிறவள். ஆனாலும் இரவில் கதவைப் பூட்டும்போது ஒரு பயம் வரும். பழைய சட்டையின் பொத்தான் மாதிரி, தான் அவளுடைய நெஞ்சிலிருந்து நூல் நூலாகக் கழன்றுகொண்டிருக்கிறோமோ என்று. அதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. பயப்படுவது பாவமா என்று அவருக்குத் தெரியவில்லை.

மாசியில் வந்த கடிதத்தில் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது. "எங்கடை வீட்டை முழுசா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. வாசலும் மதிலும் முருங்கையும் வரவேணும். நீங்களும் அதுக்குள்ளை நில்லுங்கோ. பிள்ளைக்கு எல்லாம் மறந்து போகுது."

வீட்டை முழுசாக எடுப்பது சொல்லுகிற மாதிரி லேசான வேலை இல்லை. வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஒழுங்கை ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். எதிர் மதிலில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் சாதாரண லென்ஸுக்குள் அரைக் கதவும் ஒரு யன்னலும்தான் வரும். முழு வீடும் வர வேண்டுமென்றால் பேத்தைக் கண்ணாடிதான்.

அது சிசிலியாவின் தமையன் எண்பத்தைந்தில் அனுப்பிய லென்ஸ். பாரிஸில் பழைய சாமான் விற்கிற சந்தையில் கண்டு வாங்கினதாம். "கண்ணாடி இவ்வளவு பெரிசா முட்டிக்கொண்டு நிக்குது. கட்டாயம் நல்ல தூரம் இழுக்கும் மச்சான்" என்று எழுதியிருந்தான். தூரம் இழுக்கிற லென்ஸ் இல்லை அது. பக்கத்தில் நிற்பதையே தூரத்துக்குத் தள்ளி, இடமும் வலமும் வானமும் நிலமும் எல்லாவற்றையும் ஒரு குடத்துக்குள் அடைக்கிற லென்ஸ். பெட்டியில் மீன்கண் என்று இங்கிலிசில் எழுதியிருந்ததாக ஸ்ரூடியோக்காரர் வாசித்துச் சொன்னார்.

அப்போது கனிசியஸ் பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றில் வேலை. சைக்கிளில் போய்க் கலியாணமும் முதல்நன்மையும் செத்தவீடும் எடுப்பார். புது லென்ஸை ஆசைக்கு நெல்லியடியில் ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோனார். கழுவின படத்தைப் பார்த்த பெண்ணின் மாமன் துள்ளினார்.

"உது ஆற்றை முகம், என்ரையோ? அவிச்ச பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு!"

"ஐயா, ஓரத்திலை நிண்டா அது அப்பிடித்தான் இழுக்கும்."

"அப்ப என்னை நடுவிலை வந்து நிக்கச் சொல்லுறீரோ? அது மாப்பிள்ளை நிக்கிற இடமல்லோ காணும்!"

அதற்குப் பிறகு அந்த லென்ஸை அவர் தொழிலுக்கு எடுக்கவில்லை. தனக்கென்று வைத்துக்கொண்டார். திருநெல்வேலிச் சந்தையில் நின்ற பஸ்ஸின் பின் சீற்றில் இருந்து முழு பஸ்ஸையும் எடுத்தார். தெல்லிப்பழையில் வெங்காயத் தோட்டத்துக்குள் குந்தியிருந்து எடுத்தார், பாத்திகள் எல்லாம் காற்றுப் பிடித்த பாய் மாதிரி வளைந்து வந்தன. பண்ணைப் பாலத்தில் நின்று பழகப் பழக அதன் குணம் பிடிபட்டது. நேராகப் பிடித்தால் கடல் நேராக நிற்கும். கொஞ்சம் குனிந்தால் கடல் முதுகு வளைக்கும், நிமிர்ந்தால் தொய்யும். கிட்டப் போக வேண்டும், இன்னும் கிட்டப் போக வேண்டும், சாண் தூரத்துக்கு. முகம் என்றால் நடுவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, தன் காலைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு அகலமான பார்வை அதற்கு. கொஞ்சம் அசந்தால் படத்தின் கீழ்க் கரையில் எடுக்கிறவரின் கால் வந்து நிற்கும். கனிசியஸ் வயிற்றை எக்கி, காலைப் பின்னுக்கு இழுத்து, கழுத்தை நீட்டி, கொக்கு மாதிரி நின்று எடுக்கப் பழகினார்.

அந்தக் கொக்கைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். எதிர்வீட்டுச் செபநாயகம். ஒருகாலத்தில் சங்கு குளித்தவர். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு மதிலடியில் கதிரை போட்டு இருந்தார். லென்ஸுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

"டேய் கனிசி, உன்ரை படத்திலை நான் ஊதின பேத்தை மீன் மாதிரியல்லோ கிடக்கிறன்!"

"மூக்கைக் கொண்டுவந்து கண்ணாடியிலை முட்டினா வேறை எப்பிடி அண்ணை வரும்?"

ஆனால் முழு ஊரும் பழித்த அந்தப் படங்களை ஆசையோடு வாங்கிப் பார்க்கிறவரும் செபநாயகம்தான். ஒருநாள் பண்ணைப் பாலத்துப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "உது பொய்ப் படமில்லையடா. ஏழு பாகம் ஆழத்திலை தண்ணிக்குக் கீழை நிண்டு அண்ணாந்து பார். வானம் உப்பிடித்தான் ஒரு வட்டமா, கரையெல்லாம் வளைஞ்சு தெரியும். மீன் எங்களை உப்பிடித்தான் பாக்குது." கனிசியஸுக்கு அன்று வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

சிசிலியா கேட்ட படத்தையும் அவர்தான் எடுத்துத் தருவதாக இருந்தது. கமராவில் தானாகப் படம் அமத்துகிற விசை உடைந்து கனகாலம். வேறு ஒரு ஆள் அமத்தினால்தானே கனிசியஸ் படத்துக்குள் நிற்கலாம்.

"ஞாயிறு பூசை முடிய வாறன். படத்திலை உன்ரை தலையை வெட்டிப்போடுவனோ தெரியாது."

"அதுக்குள்ளை ஒருத்தற்றை தலையும் வெட்டுப்படாது அண்ணை. நீங்கள் அமத்தினாக் காணும்."

வெள்ளிக்கிழமை விடியப்புறம் செபநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதிலடியில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சைக்கிள் தேடுகிற நேரத்துக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை, பெட்டியைக் கோயிலுக்குத் தூக்குவதற்கு முன்னம், அவருடைய மனைவி அற்புதராணி கனிசியஸைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"தம்பி, பெடியன் டென்மார்க்கிலை. அவனாலை வரேலாது. தேப்பன்ரை முகம் எப்பிடி இருந்தது, ஆரார் வந்து நிண்டவை எண்டு கேப்பான். ஒரு படம் எடு ராசா."

பிலிம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். முக்கால்வாசி உண்மைதான் அது. சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கனிசியஸ் பெட்டியைப் பார்த்தார். ஞாயிறு வாறன் என்ற மனிதன் கைகட்டிப் படுத்திருந்தார்.

"ஓம் அக்கா. எடுக்கிறன்."

வீடு சின்னது என்று பெட்டியை ஒழுங்கைக்குக் கொண்டுவந்து இரண்டு கதிரையில் வைத்தார்கள். சனம் சுற்றி நின்றது. சாதாரண லென்ஸைப் பூட்டிப் பார்த்தார். பெட்டியும் ஐந்து பேரும்தான் தெரிந்தார்கள். அதற்குள்ளேயே பிரச்சினை தொடங்கிவிட்டது.

"என்னை விட்டிட்டு எடுத்துப்போடாதை தம்பி. சித்தி செத்தவீட்டுக்கும் வரேல்லை எண்டு பெடியன் மனசிலை வைச்சிருப்பான்" என்றாள் அற்புதராணியின் தங்கை.

அது வெறும் கதையில்லை. வெளிநாட்டுக்குப் போகிற செத்தவீட்டுப் படத்தில் இல்லாதவர் வராதவர்தான். அதனால் முகம் முறிந்த குடும்பங்கள் குருநகரில் உண்டு. கனிசியஸ் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பேத்தைக் கண்ணாடியைப் பூட்டினார்.

"ஐயோ, செத்தவீட்டிலையும் எங்களை ஊதப் பண்ணப் போறானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எடுக்கட்டும்" என்றாள் அற்புதராணி. "அவருக்கு அதெண்டால் உயிர்."

சனம் இருக்கக் கொண்டுவந்த கோயில் வாங்கு ஒன்றை ஒழுங்கையின் நடுவில் பெட்டியின் கால்மாட்டில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார் கனிசியஸ். "கரையிலை நிக்கிறாக்கள் உள்ளுக்கு நெருங்குங்கோ. முகத்தைப் பெட்டிப் பக்கம் வையுங்கோ" என்றார். பெட்டிக்குள் இருக்கிற முகம் தெரிவதற்காகக் கமராவைக் கீழே சரித்தார்.

அப்போதுதான் அதைக் கண்டார். வலது பக்கம் செபநாயகத்தின் வீடு. இடது கரையில், வில் மாதிரி வளைந்து, அவருடைய சொந்த வாசல். மதில். முருங்கை குனிந்து நின்றது. கீழே, வாங்கின் விளிம்பில், அவருடைய இரண்டு வெறுங்கால்கள். இடது பெருவிரல் நகம் சின்ன வயதில் நங்கூரம் விழுந்து பிளந்தது. மழைக்காலத்தில் அது நோகும்போது சிசிலியாதான் எண்ணெய் சூடாக்கித் தடவுவாள்.

எத்தனையோ வருடமாகக் காலைப் பின்னுக்கு இழுத்துப் பழகிய மனிதர். அன்றைக்கு இழுக்கவில்லை. அண்ணை, மன்னியுங்கோ, பெடியன்ரை படத்திலை கீழை வெட்டிப்போடுவன் என்று மனதுக்குள் சொன்னார். பிறகு அமத்தினார்.

மின்சாரம் இல்லாததால் படத்தை வெயிலைக்கொண்டுதான் தாளில் போட்டார். வீட்டில் வைத்திருந்த இருட்டறையின் கதவிலிருந்த ஓட்டைக்கு வெளியே முகக்கண்ணாடி பிடித்து, வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, மிச்சமிருந்த தாளில் இரண்டு. ஒன்றின் கீழ்க் கரையைக் கத்தரிக்கோலால் வெட்டி அற்புதராணியிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எண்ணிவிட்டு, "ஒருத்தரும் விடுபடேல்லை" என்றாள்.

வெட்டாததைச் சிசிலியாவுக்கு வைத்துக் கடிதம் எழுதினார். "செபநாயகம் அண்ணை செத்துப்போனார். இது அவற்றை செத்தவீடு. எங்கடை வீடும் இதிலை இருக்கு. இனிப் பிலிம் கிடைக்கிறது கஷ்டம்." அவ்வளவுதான். படத்தில் தான் எங்கே இருக்கிறேன் என்று எழுதப் பேனை போனது. எழுதவில்லை. சொல்லாமலே அவள் தேடுவாளா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. சோதிக்கிறது சரியில்லை என்றும் இருந்தது. கடிதத்தை ஒட்டி, கிளாலிப் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

எதிர்வீட்டு மதிலடியில் இப்போது கதிரை இல்லை. அற்புதராணி தங்கையோடு இருக்கப் போய்விட்டாள். பின்னேரங்களில் கனிசியஸ் வாசலில் நின்றார். கதைக்க ஆளில்லாமல் நாள் முழுக்க வாய் திறக்காத நாள்களும் இருந்தன. செபமாலை சொல்லத் தொடங்கும்போது தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்கும்.

ஆவணியில் பதில் வந்தது. முருங்கையடியில் நின்றே பிரித்தார். இரண்டு பக்கம். செபநாயகம் அண்ணைக்காகப் பூசை ஒப்புக்கொடுத்ததை எழுதியிருந்தாள். அற்புதராணி அக்கா மெலிந்துபோனதை எழுதியிருந்தாள். வீடு வளைந்து விழுகிற மாதிரி இருக்கிறது, உண்மையாகவே மதில் வெடித்துவிட்டதா என்று கேட்டிருந்தாள். குளிர். வேலை. கால்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கனிசியஸ் கடைசி வரிக்கு வந்து, மறுபடியும் மேலே போய், இன்னொருதரம் கீழே வந்தார். இல்லை.

தாளை மடிக்கும்போதுதான் ஓரத்தில், பென்சிலால், சரிந்த எழுத்தில் பெர்னடெட் எழுதியிருந்தது தெரிந்தது.

"அப்பா, படத்திலை கீழை ரண்டு கால் இருக்கு. அது உங்கடை காலாம், அம்மா சொன்னவ. எனக்கு உங்கடை கால் ஞாபகமில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் அந்த இடத்தை விரலாலை தடவித் தடவி இப்ப அதிலை நகம் தெரியேல்லை."

கனிசியஸ் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி தண்ணீர் அள்ளி, இரண்டு காலிலும் மெல்ல ஊற்றி, பிளந்த நகத்தைத் தேய்த்துக் கழுவினார். பிறகு உள்ளே வந்து முழந்தாளில் இருந்தார். மாதாவுக்குப் பக்கத்தில் வெறுங்கமரா இருந்தது. அதையும் ஒருதரம் பார்த்துவிட்டுச் செபமாலையைத் தொடங்கினார். மறுமொழி சொல்ல வீட்டில் ஆளில்லாததால், செபத்தின் முன்பாதியைத் தானே சொல்லி, தானே மறுமொழியும் சொன்னார்.