துபாய் மகனை ஊருக்கு வரவழைத்த கதை

பதினோரு வருடமாக ஓடும் ஒரு குடும்பச் சிரிப்புத் தொடரைத் திட்டிக்கொண்டே, ஒரு நாள் விடாமல் பார்க்கிறவள் நான். ஆசிரியர் அறையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அந்தக் கண்றாவிய யாரு பாப்பாங்க?" என்று முதலில் சொல்கிற ஆளும் நான்தான். தொடர் சாயங்காலம் ஏழரைக்கு. அதற்காக வீட்டு ஜெபமாலையை ஏழு இருபத்தைந்துக்குள் முடித்துவிடுவேன். கடைசிப் பத்து மணிகளை நான் சொல்கிற வேகத்தில் எனக்கே ஒரு வார்த்தை புரியாது. மாதா பாவம், பொறுத்துக்கொள்கிறாள்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது? ஒரு வீடு, ஒரு சோபா. மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுவார். மாமியார் பீரோச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு மறந்துபோவாள். மருமகளாக நடிக்கிற பெண் மூன்று முறை மாறிவிட்டாள். இது யார் புதுசாக என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. மூத்த மகனாக நடித்தவர் எப்போதோ விலகிப்போனதால் அவனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒரு முறை போன் அடிக்கும், மருமகள் ஓடிப்போய் எடுப்பாள், அவன் குரல்கூட நமக்குக் கேட்காது. அந்த இடத்திலும் பின்னாலிருந்து, பதிவு செய்து வைத்த சிரிப்பில், நாற்பது பேர் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. சேனலை மாற்றவும் மாட்டேன்.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சின் பழுது பார்க்கிற பிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் ஊரில் மில்லர்புரத்து வீடு. கப்பலில் நெட் சரியாகக் கிடைக்காது. வீடியோ ஓடாது, குரல் செய்தி மட்டும் எப்படியோ போய்ச் சேரும். கல்யாணமான புதிதில் அதில் என்னென்னவோ பேசினோம். பிறகு தண்ணீர் மோட்டார், அவர் அம்மா, அதாவது என் மாமியின் மூட்டுவலி என்று ஆகி, அதுவும் தீர்ந்துபோனது. பேச ஒன்றும் இல்லாத ஒரு நாள் அன்றைய தொடரின் கதையைச் சொன்னேன். மறுநாளே, "ஏளா, இன்னைக்குக் கதை என்ன?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். பட்டம் வாங்கி, பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள், அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்குக் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, மாமியார் சாவி தேடிய கதையைக் கடலுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

உண்மையில் நான் சொல்ல நினைத்தது வேறு. இந்த மனுசன் அடுத்த முறை வந்தால் திரும்பக் கப்பல் ஏறக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. எங்கள் அம்மா சொன்னதில்லை, மாமி சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெட்டி கட்டும்போது, ஊறுகாய்ப் பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் பெண்கள் கேட்பார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திருகிக்கொண்டு நின்றவள்தான்.

ஒரு நாள் தொடர் தாங்க முடியாத அறுவை. வாய் சும்மா இருக்குமா? "இன்னைக்கு அந்தத் துபாய் மவன் ஊருக்கு வந்துட்டான். இனிமே போக மாட்டேன்னுட்டான்" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகுதான் பயம் வந்தது. அவர் பதில், "நல்லதாப் போச்சு. அப்புறம்?" அவ்வளவுதான்.

அப்புறம் என்று கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்கலாமா? ஆறு மாதம் அளந்துவிட்டேன். மகன் மீன் வாங்கி வந்தான். எல்லோரையும் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனான். பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டினான். தொலைக்காட்சியில் அந்தப் பெண் இன்னும் போனுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தொடர் எழுதுகிறவர்களைவிட நான் நன்றாக எழுதுகிறேன் என்ற கர்வம் வேறு எனக்கு.

போன வெள்ளிக்கிழமை அவர் வந்து இறங்கினார். பெட்டியைப் பிரித்ததும் நேராக, "மணி ஏழரை ஆவப் போவுதே, டிவியப் போடு" என்றார். டிவி ரிப்பேர் என்றேன். ஒரு பிட்டரிடம் போய் ரிப்பேர் என்று சொன்ன புத்திசாலி நான். அவர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, நான் உருவிப்போட்டிருந்த வயரைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

என் நேரம், அன்றைக்கென்று அந்தப் போன் அடித்தது. மருமகள் ஓடினாள். நாற்பது பேர் சிரித்தார்கள். நான் ரிமோட்டைத் தேடினேன்.

"எனக்குத் தெரியும்ளா" என்றார் அவர். கப்பலில் சமையல்காரர் காயல்பட்டினத்துக்காரர். அவர் மனைவியும் தினமும் இதே தொடரின் கதையை அவருக்குச் சொல்வாளாம். இவர் ரெண்டு கதையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அவங்க சொல்லுத கதைல அவன் வரவே இல்ல. ஒங் கதைலதான் வந்தான்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருவல்லா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் கம்பெனியின் மும்பை ஆபீசிலிருந்து அடுத்த ஒப்பந்தம் அதற்குள் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காகிதம் டிவி மேசை மேலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர், "எல்லாம் சொன்ன. வந்தவன் என்ன வேலை பாக்கான்? அத மட்டும் சொல்லவே இல்லையே" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. பல நாள் கேட்க நினைத்து வைத்திருந்ததைக் கேட்டார். ஆறு மாதக் கதையில் அந்தப் பிள்ளை மீன் வாங்கினான், கோயிலுக்குப் போனான், ஸ்கூட்டர் ஓட்டினான். ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை. வரவழைத்தவளுக்கு அந்த யோசனையே வரவில்லை. தொடர் எழுதுகிறவர்களைத் திட்ட இனி எனக்கு யோக்கியதை கிடையாது.

மறுநாள் காலையில், பேப்பர் திருத்த வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். துறைமுகம் போகிற சாலையில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரரின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள்.

"வாங்க டீச்சர். புள்ள எதும் சேட்டை பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. கப்பல்ல வேலை பாத்த பிட்டருக்கு இங்கன வேலை கெடைக்குமா?"

"யாருக்கு?"

பழக்கதோஷம், "தெரிஞ்ச வீட்டுல ஒரு பையன், துபாய்ல..." என்று என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினேன். "எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன்.

அவர் கையிலிருந்த கிரீசைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "சார் வேணும்னு கேக்காரா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. நாந்தான் கேக்கேன்."