வாய்க்காலுக்கு ஒரு ராஜா

"இந்த நாட்டுக்கு ஒரு ராசாதான் சரி, சேர்!"

போன மாதம் ஜும்ஆ முடிந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, என் பக்கத்து வயல்காரர் ஹனீபா மேசையில் அடித்துச் சொன்னது இது. அடித்த அடியில் என் பிளேன்டீ பாதி, நான் உடுத்திருந்த சாரத்தில்.

"எலக்‌ஷன் வந்தா வாசலுக்கு வந்து சலாம் சொல்றானுகள். வெண்ட பிறகு போன் எடுக்கிறானுகளா? ராசா எண்டா ஒரே சொல்லு. வேலை முடிஞ்சி!"

சரி, கேட்டுக்கொண்டேன். நானும் வாக்குப் போட்டு ஏமாந்தவன்தானே. ஆனால் மனுஷன் அடுத்த மூச்சில் சொன்னார் பாருங்கள்...

"என்ட வேளாண்மை கருகுது சேர். வட்டவிதானை தண்ணி தாறானில்ல."

எனக்கு வந்ததே கோபம்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டவிதானை என்பவர் எங்கள் வாய்க்கால் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிடுகிறவர். மேலே இருந்து யாரும் அவரைக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஒவ்வொரு கன்னமும் — நெல் செய்யும் காலத்தைத்தான் கன்னம் என்கிறோம் — தொடங்குமுன் கூட்டம் போட்டு, காணிக்காரர்களே கை தூக்கித் தெரிவு செய்கிறோம். ஜனநாயகம் என்றால் எங்கள் வயலுக்கு வந்து பாருங்கள் என்று பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே பீற்றியிருக்கிறேன்.

உண்மையில் நாங்கள் செய்தது என்ன? ஆதம்பாவாக் காக்கா சாகும்வரை அவர்தான் வட்டவிதானை. போட்டியே கிடையாது. மறைக்காமல் சொல்கிறேன், அவர் ராஜாதான். நல்ல ராஜா! வாய்க்காலின் கடைசி வயல் நனைந்த பிறகுதான் தன் வயலுக்குத் தண்ணீர் திறப்பார். இரண்டு பேர் மண்வெட்டியோடு வரம்பில் முறைத்துக்கொண்டு நின்றால், நடுவில் வந்து ஒரு சொல். அவ்வளவுதான். கடிதமில்லை, கமிட்டியில்லை, 'நாளைக்கு வா' இல்லை. இப்படி ஒருவர் கிடைத்தால் தேர்தல் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அவர் மௌத்தானார். அடுத்த கூட்டத்தில் பெயர் கேட்டார்கள்.

"அவர்ர மகன் றிஸ்வி இரிக்கான்தானே!" என்று ஒரு குரல். எல்லாக் கையும் மேலே. றிஸ்விக்கு வயலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவராவது கேட்டாரா? வாப்பாவின் முகத்துக்காகத் தூக்கினோம். என் கையும் மேலேதான் இருந்தது.

இப்போது என்ன நடக்கிறது? முதலில் றிஸ்வியின் வயல். பிறகு மச்சான்மார் வயல். பிறகு அவனோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பவர்களின் வயல். வாய்க்காலின் கடைசிப் பக்கம் இருக்கும் ஹனீபாவின் இரண்டு ஏக்கருக்கு மிஞ்சுவது வெறும் ஈரம். கதிர் வரும் நேரத்தில் அத்தனையும் கருகிப் போனது. இந்த மனுஷனுக்குத்தான் நாட்டுக்கும் ஒரு ராஜா வேண்டுமாம்!

ராஜா என்றால் இதுதானே தொல்லை? வாப்பா தங்கமாக இருப்பார். அவருக்குப் பின்னால் மகன் வருவான். அவனை வீட்டுக்கு அனுப்ப வழி இருக்காது. எங்களுக்கோ கன்னத்துக்குக் கன்னம் வழி இருக்கிறது. அதை நாங்களே மண் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம்!

போன கிழமை புதுக் கன்னத்துக்கான கூட்டம்.

"றிஸ்விதானே? வேற பேர் இரிக்கா?" என்றார் கூட்டத்தை நடத்த வந்திருந்த நீர்ப்பாசன அதிகாரி.

மேசையில் அடித்த வீரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதைங்களேன் ஹனீபா!" என்று முழங்கையால் இடித்தேன்.

"உடுங்க சேர். அவன்ட வாப்பா நல்ல மனிசன்."

அந்த நேரம் வாசலில் ஒரு குரல். "நான் கதைக்கலாமா?"

ஹனீபாவின் மனைவி பரீதா! அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை அதுவரை நான் கண்டதில்லை.

"நீ என்னத்துக்குப் புள்ள இஞ்ச வந்த?" ஹனீபா பதறி எழுந்தார்.

"காணி ஆர்ர பேரில இரிக்கி?"

ஹனீபா உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் சீதனக் காணி பெண்ணின் பெயரில்தான். காணி அவளுக்கு, கூட்டத்தில் தூக்கும் கை மட்டும் புருஷனுக்கு! இது என்ன நியாயம் என்று இத்தனை காலம் ஒருவரும் கேட்கவில்லை.

பரீதா றிஸ்வியைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, உங்கட வாப்பா மேல எனக்கும் மதிப்பு. ஆனா இப்ப தண்ணி உடுறது வாப்பா இல்லயே. நான் கடைசி வயல் நூர்தீன் காக்காட பேரச் சொல்றன். தண்ணி வராட்டி அவருக்குத்தான் முதல்ல தெரியும்."

சபாஷ்! அதிகாரி கை தூக்கச் சொன்னார். நூர்தீனுக்கு பரீதாவின் கை. அடுத்து என் கை. அவ்வளவுதான்... நூர்தீனே தனக்குத் தூக்கவில்லை! றிஸ்விக்கோ கை கையாக எழும்பியது. ஹனீபாவின் கையும் பாதி எழும்பி, மனைவியைக் கண்டதும் தலையைச் சொறியப் போய்விட்டது.

எரிச்சலோடு வெளியே வந்தேன். "தோத்துட்டமே புள்ள" என்றேன்.

பரீதாவின் முகத்தில் தோல்வியே இல்லை. "அதுக்கென்ன சேர்? அடுத்த கன்னத்துக்கும் கூட்டம் வரும்தானே. நான் வருவன்."

ஒரு ராஜாவின் முன்னால் நின்று இப்படிச் சொல்ல முடியுமா? "அடுத்த கன்னம் பார்ப்போம்" என்று? எனக்குக் கோபமெல்லாம் ஆறி, பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுக் கதையையும் ஆசையாகச் சொன்னேன். எங்கள் மூன்று ஏக்கரும் அவளுடைய சீதனம் என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துவிட்டேன்.

அவள் அமைதியாகக் கேட்டாள்: "அப்ப, போன முறை றிஸ்விக்கு நீங்க தூக்கினது என்ட கையா?"