காசு கொடுத்து வாங்காத கோல்காப்பாளன்

மான்ஹைமில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ஓர் அமெரிக்கர். பட்டாளத்தோடு வந்து, ஒரு ஜெர்மன் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர். அவருக்குப் பேஸ்போல் பைத்தியம். எனக்கோ அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் காலைச் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் அதைத்தான் கேட்டாக வேண்டும். அவருடைய ஊர்க் கழகம் ஏழைக் கழகம். பணக்காரக் கழகம் ஒரே ஒருவனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் தங்கள் ஆட்கள் பாதிப்பேர் சாப்பிடுகிறார்கள் என்று மேசையில் குத்திச் சொல்வார். அப்படியென்றால் காசுள்ளவன்தான் எப்போதும் வெல்லுவானா என்று ஒருநாள் கேட்டேன். மனுஷன் கொஞ்சம் யோசித்தார். மாதக்கணக்காக ஆடும்போது காசு தன் வேலையைக் காட்டும், கடைசியில் வருகிற நாலைந்து ஆட்டத்தில் அன்றைக்கு எவன் கை நன்றாக இருக்கிறதோ அவன்தான் என்றார்.

கேட்டதோடு நின்றிருக்கலாம். அதை எங்கள் கழகக் கூட்டத்திலும் போய்ச் சொன்னேன்.

எங்கள் கழகம் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஜெர்மனியின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிப்போனவர்கள் சேர்ந்த உதைபந்தாட்ட அணி. வருடத்தில் ஒருமுறை கொலோனில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி நடக்கும். போவோம், அரையிறுதியில் தோற்போம், கொத்துரொட்டி சாப்பிட்டுத் திரும்புவோம். தலைவர் மூன்று பலசரக்குக் கடைகளின் முதலாளி. நான் செயலாளர். ஜெர்மன் மொழியில் கடிதம் எழுத வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

"தம்பி, மற்றக் கழகங்கள் பரிஸிலயிருந்து ஆக்களை இறக்கி விளையாடுறாங்கள். நாங்கள் மட்டும் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுறம்," என்று தலைவர் தன் வயிற்றையே தட்டிக்காட்டினார். "காசு நான் போடுறன். மூண்டு பேரைப் பிடியும்."

நான் அமெரிக்கரின் தத்துவத்தை எடுத்துவிட்டேன்.

"அவன் ஆயிரம் சொல்லுவான். ஆர் குத்தினாலும் அரிசியானால் சரி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் அணியில் உண்மையாகவே விளையாடத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான் என்றால் அது கோல்காப்பாளன்தான். டிரெஸ்டனுக்கும் அப்பால், காட்டோரத்தில் இருந்த, ஹைம் என்கிற அகதி விடுதியில் வசித்தான். நான்கு வருடமாக அவனுடைய தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டுவதானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும், அதை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் கழக முத்திரை குத்தி நான்தான் அதை அனுப்புவேன். ஒருமுறை சீட்டில்லாமல் தேர்த்திருவிழா பார்க்கப் போய், பொலிசிடம் அகப்பட்டு அபராதம் கட்டியிருந்தான். இரண்டாம் முறை அகப்பட்டால் அபராதத்தோடு போகாது, வழக்குத்தான்.

அந்த வருடம் அவனுக்கு ஒரு நல்ல காரியம் கூடிவந்திருந்தது. அந்த ஊர் பேக்கரிக்காரர் ஒருவர் அவனைத் தொழில் பழகச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார். வேலை அனுமதிக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டாயிற்று. கோப்பில் புதிதாக ஒன்றும் ஏறாமல் பார்த்துக்கொள், மிச்சத்தைப் பார்க்கலாம் என்று அலுவலகத்துப் பெண் சொல்லியிருந்தாளாம்.

"அண்ணை, கடிதத்தை மறந்திடாதேங்கோ. இந்த முறை ஒரு பிழையும் வரக்கூடாது," என்று தொலைபேசியில் சொன்னான்.

"நான் எப்பவாவது மறந்திருக்கிறனே?" என்றேன். எனக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது.

பிறகு பரிஸ்காரர் மூவரும் என் தலையில் ஏறினார்கள். ஒருவனுக்கு வீட்டு வாசலுக்குக் கார் வரவேண்டும். ஒருவனுக்கு ஹோட்டலில் தனி அறை. மற்றவன் முன்வரிசையில் மட்டும்தான் நிற்பானாம். மூன்று கிழமையாக என் தொலைபேசி சூடு ஆறவில்லை. கடிதத்தை எழுதினேன். முத்திரையும் குத்தினேன். உறையில் அவன் பெயரையும் முகவரியையும் எழுதி, வேலைக்குப் போகிற வழியில் போடலாம் என்று காரின் முன்பெட்டிக்குள் வைத்தேன். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் அவன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, கடிதம் வரேல்லை."

"அனுப்பினனான். தபாலில எங்கையோ தவறிப்போச்சு போல," என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. கீழே போய்க் காரைத் திறந்து பார்த்தேன். உறை அங்கேயே கிடந்தது. பெட்டியை மூடிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்தில் ஆட்களைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை முதல் ஆட்டம். அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அந்தச் சொல்லோடு அவனை விட்டிருக்க வேண்டும். நான் தலைவருக்குத் தொலைபேசி அடித்தேன்.

"கோலுக்கு ஆளில்லாட்டி இந்த மூண்டு பேரையும் வைச்சு என்ன செய்யிறது? எப்பிடியாவது வரச் சொல்லும்," என்றார்.

நான் மறுபடி அவனுக்கு எடுத்தேன். "ஒண்டும் நடக்காது, தம்பி. கிழமைக் கடைசியில ரயிலுக்குள்ள ஆர் பாக்கப்போறாங்கள்? நீ வா. நான் பொறுப்பு."

"நீங்கள் சொன்னால் சரி, அண்ணை," என்றான்.

நான் பொறுப்பு. நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. எதற்குப் பொறுப்பு? பிடிபட்டால் அவனுக்குப் பதிலாக நானா போய் நிற்கப் போகிறேன்?

பரிஸ்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அவன் மலிவு டிக்கெட்டில் ரயில் மாறி ரயில் மாறி வந்தான். முதல் நாள் ஆட்டங்களில் பரிஸ்காரர்கள் கோல்களை அடித்துத் தள்ளினார்கள். அதை மறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்தில்தான் மூவரின் சாமர்த்தியமும் எங்கேயோ ஒளிந்துகொண்டது. எதிரணியிலும் வாங்கி வந்தவர்கள்தான். ஒரு கோலும் விழவில்லை. பெனால்டிக்குப் போயிற்று. எங்கள் முன்வரிசைக்காரன் பந்தைக் கம்பத்துக்கு மேலால் அடித்தான். எங்கள் கோல்காப்பாளன் இரண்டைப் பிடித்தான். வென்றோம்.

தலைவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாத்தீரே? காசு போட்டால் வரும்." பரிஸ்காரர்களுக்கு ஆளுக்கொரு கடித உறை கொடுத்தார். கோல்காப்பாளனுக்கு எல்லோருக்கும் போல ஒரு பதக்கம் கிடைத்தது. அதில் கொலோன் என்றும் திகதியும் பொறித்திருந்தது.

அவனை நானே ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் இரண்டாவது பந்தை எப்படிப் பிடித்தான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். முகம் துடைக்கத் தாள் இருக்கிறதா என்று கேட்டு முன்பெட்டியைத் திறந்தான். எடுத்துத் துடைத்தான். அதன் பிறகு அதிகம் பேசவில்லை. களைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிய, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவனுடைய அழைப்பு. லைப்சிக் மேடையில் ரயில் மாற நின்றபோது பொலிஸ் மறித்திருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்து, எங்கே போய் வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில் இவன் பதக்கத்தை எடுத்துக் காட்டியிருக்கிறான்.

"களவெடுக்கப் போகேல்லை, விளையாடத்தான் போனனான் எண்டு தெரியட்டும் எண்டுதான் காட்டினனான், அண்ணை."

அதைப் பார்த்தே ஊரையும் நாளையும் அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று இடைவேளையில் அமெரிக்கர் கேட்டார், வென்றது காசா கையா என்று. கைதான் என்றேன். அவருக்கு மெத்தச் சந்தோஷம், தன் ஏழைக் கழகமே வென்றது மாதிரி என் முதுகில் தட்டினார். நான் கடித்த ரொட்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில், அவனுக்கு வழக்கறிஞர் பிடிக்கக் கழகம் உதவ வேண்டும் என்று சொன்னேன். தலைவர் கையை விரித்தார். "அவன் தன்ரை எண்ணத்துக்கு வந்தவன். நாங்களே கட்டி இழுத்துக்கொண்டு வந்தனாங்கள்?" வரச் சொல்லும் என்று சொன்ன அதே வாய். திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் கடிதத்தின் கதையும் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன். கோழை என்று என்னை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

வழக்கில் விதித்த தண்டப்பணத்தை நான் கட்டினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேலை அனுமதி கிடைக்கவில்லை. பேக்கரிக்காரர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழி தானாக உடையவில்லை, நான் உடைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் அவன் எடுத்தான். "அண்ணை, இந்த வருசமும் சுற்றுப்போட்டி இருக்கே?"

இருக்கிறது என்றேன். பிறகு, எப்படியோ வாய் திறந்தது. "தம்பி, அந்தக் கடிதம் தபாலில தவறேல்லை. நான் போடவே இல்லை. காருக்குள்ளதான் கிடந்தது."

"தெரியும், அண்ணை."

"எப்பிடித் தெரியும்?"

"ஸ்டேசனுக்குப் போகேக்கை முகம் துடைக்கத் திறந்தனான்தானே. என்ரை பேர் எழுதின உறை கிடந்தது."

"அப்பவே ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் வெண்ட சந்தோசத்தில இருந்தனீங்கள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை." பிறகு சொன்னான். "இந்த முறை முதலே போட்டுவிடுங்கோ, அண்ணை. நான் இன்னும் அதே ஹைமிலதான் இருக்கிறன். விலாசம் மாறேல்லை."

ஓம் என்றேன்.